பெஞெஜாத்தான் (ஆவியாதல்) தெரிகிறது, ஹுராய்கான் (விவரி) தெரியவில்லை: படிவம் 2 பிள்ளைகளுக்குச் சொல்வளம் கொடுப்பது எப்படி?

ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

வணக்கம். பினாங்குத் தீவில் ஒரு தேசிய இடைநிலைப்பள்ளியில் படிவம் 1, படிவம் 2 மாணவர்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்கிறேன். 14 வருடமாகிறது. பாடம் மலாயில். இந்த வருடம் என் படிவம் 2 வகுப்பில் 33 பேர். அதில் 12 பேர் நம் பிள்ளைகள். ஒன்பது பேர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், அவர்களில் ஐந்து பேர், படிவம் 1க்கு முன் மலாய் பழகுவதற்கான புகுமுக வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள். சீனப்பள்ளியிலிருந்து அதே வழியாக வந்தவர்களும் ஏழெட்டுப் பேர் உண்டு.

போன மாதம் ‘நீரும் கரைசலும்’ பாடம் முடித்துவிட்டு ஒரு சின்னச் சோதனை வைத்தேன். ஒரு கேள்வி: நீர் ஆவியாகும் வேகத்தைப் பாதிக்கும் இரண்டு காரணிகளை விவரி. மலாயில் ‘ஹுராய்கான் டுவா ஃபாக்தோர் யாங் மெம்பெங்காருஹி காடார் பெஞெஜாத்தான் ஆயர்’. 4 புள்ளி. முன் வரிசையில் உட்காரும் ஒரு பெண் பிள்ளை அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தாள். பேனா வைத்துப் பார்த்த புள்ளிகூட இல்லை.

இடைவேளையில் கூப்பிட்டேன். அவள் ஆயர் ஈத்தாம் பக்கம் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இருக்கிறாள். “உங்க வீட்ல துணி எங்கம்மா காயப் போடுவீங்க?” என்று தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், கொட்டிவிட்டாள். “பின்பக்கம் போட்டா காயாது டீச்சர், அங்க காத்தே வராது. அம்மா முன்னாடி கம்பியிலதான் போடுவாங்க. சேலைய மடிச்சுப் போட்டா உள்ள ஈரம் அப்படியே இருக்கும், விரிச்சுப் போடணும். மழை நாள்ல விரிச்சுப் போட்டாலும் ரெண்டு நாளாகும், காத்துலயே ஈரம் இருக்குல்ல.”

காற்றோட்டம், பரப்பளவு, காற்றின் ஈரப்பதம். நான் கேட்டது இரண்டு, அவள் சொன்னது மூன்று. வெயிலையும் சேர்த்திருந்தால் பாடநூலில் உள்ள நான்கும் வந்திருக்கும். அந்தப் பிள்ளையின் தாளில் நான் சுழியம் போட்டிருந்தேன்.

அப்புறம் கேள்வித்தாளை எடுத்து அவள் முன்னால் வைத்து, “இதுல எந்தச் சொல் புரியல, விரல வை” என்றேன். பெஞெஜாத்தானில் வைப்பாள் என்று நினைத்தேன். அதில் வைக்கவில்லை. அது பாடநூலில் தடித்த எழுத்தில் இருக்கும் சொல், நான் பத்துத் தடவை எழுதிப் போட்ட சொல். அவள் விரல் போனது முதலில் ‘ஹுராய்கா’னுக்கு. அடுத்து ‘மெம்பெங்காருஹி’ (பாதிக்கும்). அடுத்து ‘காடார்’ (வேகம்). இந்த மூன்றையும் நான் எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுத்ததில்லை. மலாய்ப் பாடத்தில் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அறிவியலில் வரும் என்று மலாய் ஆசிரியர் நினைத்திருப்பார்.

அன்றிரவு மற்ற பிள்ளைகளின் தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். ‘ஞாத்தாகான்’ (குறிப்பிடு) என்றால் ஒரு வரி போதும். அதற்கு அரைப்பக்கம் எழுதியிருக்கிறார்கள். ‘பண்டிங்கான்’ என்றால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். ஒன்றைப் பற்றி மட்டும் எழுதி நிறுத்தியிருக்கிறார்கள். இத்தனை வருடம் இதையெல்லாம் ‘படிக்கவில்லை’ என்றுதான் திருத்தி அனுப்பியிருக்கிறேன். நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

என் கேள்வி இரண்டு.

ஒன்று, இந்த மாதிரிச் சொற்களை அறிவியல் ஆசிரியர் எந்த நேரத்தில், எப்படிச் சொல்லிக் கொடுப்பது? வாரத்துக்குக் கிடைப்பது சில பாடவேளைகள்தான். பாடத்திட்டம் ஒரு பக்கம் ஓடுகிறது.

இரண்டு, வகுப்பில் தமிழைப் பயன்படுத்தலாமா? நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில், ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவனுக்குத் தமிழில் விளக்கினேன் என்பதற்காக எல்லார் முன்னாலும் என்னைக் கண்டித்தார்கள். மற்ற இனத்துப் பிள்ளைகள் ஒதுக்கப்பட்டதாக உணர்வார்களாம். அந்தப் பேச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் பதினோராவது மாடிக் கம்பியைப் பற்றிப் பேசியபோது அவள் முகம் இருந்த விதத்தையும் என்னால் மறக்க முடியவில்லை.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செந்தூல் எழுதியது:

வணக்கம் அம்மா. கோலாலம்பூரில் 31 ஆண்டு இடைநிலைப்பள்ளிகளில் தமிழ் போதித்தவன். பெரும்பாலும் பள்ளி முடிந்த பிறகு, மதிய வெயிலில், மற்ற பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது நடக்கிற வகுப்பு. அந்த வகுப்பில் நான் கண்டதைச் சொல்கிறேன், உங்களுக்குப் பயன்படலாம்.

நம் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியில் தன்வினை, பிறவினை படித்துவிட்டு வருகிறார்கள். கரைகிறது, கரைக்கிறது. உருள்கிறது, உருட்டுகிறது. தேர்வுக்கு மனப்பாடம் செய்தது என்று நினைக்கிறோம், ஆனால் அது மூளைக்குள் ஒரு கருவியாக இருக்கிறது. அதை மலாய்க்குத் திருப்பிவிடுங்கள். உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்:

லாருட் என்றால் கரை. மெலாருட்கான் என்றால் கரைப்பது, பிறவினை. லாருத்தான் கரைசல். பெலாருட் கரைப்பான். ஸாட் தெர்லாருட் கரைபொருள். கெதெர்லாருத்தான் கரைதிறன்.

ஒரே வேரிலிருந்து மலாயில் ஆறு, தமிழில் ஆறு. ஆறு தனிச் சொல்லாகப் படித்தால் பிள்ளை ஆறு தடவை மறப்பான். ஒரு வேரையும் அதில் முளைக்கும் ஒட்டுகளையும் காட்டினால், அடுத்த பாடத்தில் செஜாட் (ஆவியாகு) வரும்போது பெஞெஜாத்தானை அவனே கட்டிக்கொள்வான். ‘ச’ எங்கே போனது என்று கேட்பான். அதற்கும் நம்மிடம் விடை இருக்கிறது. மரம் என்பதோடு வேர் சேரும்போது ‘ம்’ கெடுகிறது, பல் என்பதோடு பொடி சேரும்போது ‘ல்’ திரிந்து பற்பொடி ஆகிறது. அதேபோல் ‘மெ’ ஒட்டுக்குப் பின் சாப்பு மெஞாப்பு ஆகும், துலிஸ் மெனுலிஸ் ஆகும், புக்குல் மெமுக்குல் ஆகும். புணர்ச்சி விதி படித்த பிள்ளைக்கு இது புதிதல்ல.

லாருத்தான் தெப்பு என்பதைத் தமிழில் தெவிட்டிய கரைசல் என்போம். தீபாவளிக்கு அதிரசம் நாலு தின்றபின் ஐந்தாவதை நீட்டினால் என்ன செய்வான் பிள்ளை? கையை நீட்டித் தடுப்பான். தண்ணீரும் அப்படித்தான், இதற்கு மேல் சீனி வேண்டாம் என்கிறது. இந்தச் சொல்லைச் சொல்லி நான் ஒரு முறை விளக்கியதை, எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

‘ஹுராய்கான்’ பற்றி ஒரு சின்னச் செய்தி. ஹுராய், உராய் என்றால் மலாயில் கட்டியிருப்பதை அவிழ்ப்பது, கூந்தலைப் பிரித்து விடுவது. ஹுராய்கான் என்று கேட்டால் முடிச்சை அவிழ்த்து இழை இழையாகக் காட்டு என்று பொருள். நம்முடைய ‘உரை’ என்ற சொல்லை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உறவுச் சொற்கள் என்று நான் சொல்லவில்லை, நினைவில் நிற்பதற்குத்தான். பாட்டுக்கு உரை எழுதுவது போல் எழுது என்றால் தமிழ் படித்த பிள்ளைக்கு விளங்கும்.

மலாய்ச் சொல்லின் உட்பொருள் பார்க்க மலேசியாவின் மலாய்மொழிக் கழகமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதி இருக்கிறது, இலவசம். ஆசிரியர் ஒருவர் பிள்ளைகள் கண் முன்னால் அகராதியைத் திறந்து பார்ப்பதே ஒரு பாடம்.

—

பாயான் லெப்பாஸ்காரன் எழுதியது:

டீச்சர், நான் ஆசிரியர் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன அந்த வெள்ளைத்தாள் நான்தான்.

1998இல் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் கணிதத்தில் எப்போதும் முதல் மூன்றுக்குள் வருவேன். இங்கே வந்ததும் வாயைத் திறக்கவில்லை. தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள் என்ற பயம். படிவம் 1இல் ‘மானாகாலா’ என்ற சொல்லை நான் ஒரு ஆளின் பெயர் என்று நினைத்திருந்தேன். வாக்கியத்தின் நடுவில் பெரிய எழுத்து இல்லாமல் ஏன் பெயர் வருகிறது என்று குழம்பினேன். அது ‘அதேவேளையில்’, ‘ஆனால் மற்றதோ’ என்று இரண்டை எதிரெதிரே வைக்கிற சொல் என்று தெரிந்தது படிவம் 3இல்தான். அதுவரை ஒப்பிடும் கேள்வி எல்லாம் போச்சு.

எனக்கு வழி திறந்தவர் ஒரு மலாய்க்கார ஆசிரியை. கணக்கியல் போதித்தவர். ஒரு நாள் என்னிடம் ஒரு சின்ன 555 நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தார், மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அது. “தினமும் உனக்குப் புரியாத மூன்று சொல் எழுது. பாடச் சொல் வேண்டாம், இடையில் வரும் சின்னச் சொற்கள். எனக்குக் காட்ட வேண்டாம், உன் பையிலேயே இருக்கட்டும்” என்றார். காட்ட வேண்டாம் என்றதால்தான் எழுதினேன். வலப்பக்கம் தமிழில் பொருள் எழுதினேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். அந்த நோட்டு இன்னும் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது.

என் தங்கைக்கு இன்னும் கஷ்டம். அவள் படிவம் 1 போன 2003இல்தான் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. தமிழில் ஆறு வருடம், புகுமுக வகுப்பில் மலாய் ஒரு வருடம், அடுத்த ஜனவரியில் ஆங்கிலம். அவள் கெட்டிக்காரி. ஆனாலும் படிவம் 4இல் அறிவியல் பிரிவு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டாள். அவள் ஒதுங்கியது அறிவியலைப் பார்த்து அல்ல என்று எனக்குத் தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: அந்தப் பிள்ளையிடம் தமிழில் கேட்டீர்கள் பாருங்கள், அதை எனக்கு யாராவது செய்திருந்தால் இரண்டு வருடம் மிச்சம். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

—

செராஸ் மலாய் ஆசிரியை எழுதியது:

டீச்சர், மேலே எழுதிய இருவரோடும் எனக்குப் பாதி உடன்பாடு. நான் தமிழ்ப் பெண், மலாய்மொழி போதிக்கிறேன், 19 ஆண்டாக. மீதிப் பாதியைச் சொல்ல அனுமதியுங்கள்.

நீங்கள் கண்டுபிடித்தது புதிதல்ல. அதற்குப் பெயரே உண்டு. ஐசபெல் பெக்கும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் சொற்களை மூன்று அடுக்காகப் பிரிப்பார்கள். முதல் அடுக்கு வீட்டுச் சொற்கள். மூன்றாவது அடுக்கு பெஞெஜாத்தான் மாதிரி அந்தந்தப் பாடத்துக்கே உரிய சொற்கள். நடுவில் இருப்பவைதான் காடார், மெம்பெங்காருஹி, கெசான் (விளைவு), மானாகாலா. எல்லாப் பாடத்திலும் வரும், எந்தப் பாட ஆசிரியரும் தன் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார். ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பேச்சு மொழியையும் பாட மொழியையும் பிரித்துக் காட்டினார். பேச்சு மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாட மொழியில் கூடப் படிப்பவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டு. நாம் கொடுப்பது புகுமுக வகுப்பில் ஒரு ஆண்டு. சிற்றுண்டிச்சாலையில் மலாயில் சரளமாகப் பேசுகிறானே, தாளில் ஏன் எழுதவில்லை என்று ஆசிரியர்கள் கோபப்படுவது இதனால்தான்.

ஆனால் தமிழில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். உங்கள் பாடத்திலிருந்தே ஒரு உதாரணம். கருதுகோள் வாக்கியம். “வெப்பநிலை கூடக் கூடச் சீனி வேகமாகக் கரையும்.” தமிழில் ‘கூடக் கூட’ என்று முன்பாதியில் இரட்டித்துவிட்டால் போதும், பின்பாதிக்கு அடையாளம் தேவையில்லை. மலாயில் இரண்டு பக்கமும் வேண்டும்: “செமாகின் திங்கி சுஹு, செமாகின் செப்பாட் கூலா லாருட்.” நம் பிள்ளைகள் இரண்டாவது செமாகினை விட்டுவிடுவார்கள். கவனக்குறைவு என்று திருத்துகிறோம். அவர்கள் தமிழில் சரியாக யோசித்து மலாயில் எழுதுகிறார்கள். இந்த ஒரு வித்தியாசத்தைப் பலகையில் இரண்டு வாக்கியத்தையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டிய பிறகுதான் என் வகுப்பில் அந்தப் பிழை குறைந்தது.

இன்னொன்று. பேச்சுத் தமிழில் ஐஸும் கரையும், சீனியும் கரையும். அறிவியலில் ஐஸ் உருகுகிறது, சீனி கரைகிறது. மலாயில் ஒன்று சாயிர், ஒன்று லாருட். வீட்டுத் தமிழை அப்படியே நம்பினால் பிள்ளை இரண்டையும் குழப்புவான். இதற்கு நான்கு கட்டம் போட்டுச் சொல்லைக் கற்பிக்கும் முறை உதவும். 1969இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரத்தி ஃபிரேயரும் உடனிருந்தவர்களும் கொண்டு வந்தது. பொருள், தன்மைகள், உதாரணம், உதாரணம் அல்லாதது. அந்தக் கடைசிக் கட்டம்தான் முக்கியம். தே ஓவில், அதாவது பால் சேர்க்காத தேநீரில், போட்ட சீனி உதாரணம். தே ஓ ஐஸில் மிதக்கும் ஐஸ் உதாரணம் அல்ல. ஒரே கிளாஸில் இரண்டும் இருக்கிறது!

கடைசியாக, எழுதுவதற்கு முன் பேச வையுங்கள். புதுச் சொல்லை வாயால் ஐந்து தடவை சொல்லாத பிள்ளை அதைத் தாளில் எழுத மாட்டான். பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு நிமிடம், முழு வாக்கியமாக. வகுப்பில் சத்தம் வரும், வரட்டும்.

—

பட்டர்வொர்த் அம்மா எழுதியது:

எல்லாரும் ஆசிரியர்களாக இருக்கிறீர்கள். என் மகன் அடுத்த வருடம் படிவம் 1 போகிறான். எனக்கு மலாய் அவ்வளவாக எழுத வராது. வீட்டில் நான் என்ன செய்வது? தமிழை விட்டுவிட்டு மலாயில் பேசச் சொல்லி அவன் மாமா சொல்கிறார்.

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செந்தூல் எழுதியது:

விட்டுவிடாதீர்கள் அம்மா. உங்களுக்கு நன்றாக வராத மொழியில் பேசினால் பேச்சு சுருங்கிவிடும், “சாப்பிட்டியா, படி, தூங்கு” என்று மூன்று சொல்லோடு நின்றுவிடும். சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, ஏன், எதனால், எப்படி என்று தமிழில் விரிவாகப் பேசுங்கள். ஒரு விஷயத்தைக் காரணத்தோடு சொல்லப் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை எந்த மொழிக்கும் கொண்டுபோவான். ஜெலுத்தோங் டீச்சர் சொன்ன அந்தப் பெண்ணின் தாயார் அதைத்தான் செய்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

மலாய் நூல் வாசிப்புக்கு நூலகம் இருக்கிறது. அதை அவன் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கூட உட்கார்ந்தால் போதும்.

—

ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், செய்து பார்க்காமல் எழுத மனம் வரவில்லை.

முதல் வாரம் ஆர்வத்தில் 20 சொல் எழுதி ஒட்டினேன். தவறு. வெள்ளிக்கிழமை கேட்டபோது நான்கைந்துதான் நின்றது, பிள்ளைகளும் சோர்ந்துவிட்டார்கள். இப்போது வாரத்துக்கு ஆறு சொல். நான்கு நடு அடுக்குச் சொல், இரண்டு பாடச் சொல். திங்களன்று சொல்லிக் கொடுத்ததைப் புதனன்று கேட்கிறேன், அடுத்த வாரம் மறுபடியும் கேட்கிறேன். பாடத்தின் முதல் ஐந்து நிமிடம். பாடத்திட்டம் பின்தங்கவில்லை, கேள்வியைத் திரும்பத் திரும்ப விளக்கும் நேரம் மிச்சமாகிறது.

செந்தூல் ஐயா சொன்ன லாருட் குடும்பத்தை ஒரு மாஜோங் தாளில் (வகுப்பில் பயன்படுத்தும் பெரிய வெள்ளைத் தாள்) மரமாக வரைந்தேன். அடிமரத்தில் லாருட், கிளைகளில் மற்றவை. தமிழ் மட்டும் எழுதினால் பழைய கண்டிப்பு மறுபடியும் வருமோ என்ற பயம் இருந்தது. அதனால் எல்லாரிடமும் கேட்டேன்: உங்கள் வீட்டு மொழியில் இதற்கு என்ன? தமிழ்ப் பிள்ளைகள் கரைசல், கரைப்பான், கரைபொருள் என்று எழுதினார்கள். சீனப்பள்ளியில் படித்த ஒரு பெண் எழுந்து வந்து நான்கு சொல் எழுதினாள். எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் நான்கிலும் முதல் எழுத்து ஒன்றாகவே இருந்தது. “இதுதான் ரோங், சிகு (டீச்சர்). கரைவது. பக்கத்தில் இருக்கும் மூன்று கோடு தண்ணீர்” என்று காட்டினாள். வகுப்பே எட்டிப் பார்த்தது.

அப்போது பின் வரிசையில் ஒரு மலாய்ப் பையன் கையைத் தூக்கினான். “என் பாட்டி ‘லாருட் மாலாம்’ என்பார், சிகு. ராத்திரி ரொம்ப நேரமாகிவிட்டால். அதுவும் இதே லாருட்டா?” எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. அகராதியைத் திறந்து அவர்கள் முன்னாலேயே பார்த்தோம். நள்ளிரவு கடந்த நேரம் என்று இருந்தது. ராத்திரி கரைந்து போவது மாதிரி, என்றான் அவன். அந்தப் பையனுக்கு மலாய் தாய்மொழி, அவனும் அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முதல் தடவையாகத் திருப்பிப் பார்த்தான்.

செராஸ் டீச்சர் சொன்ன ஐஸ் விஷயத்தைச் சோதித்தேன். தே ஓ ஐஸ் ஒன்றை மேசையில் வைத்து, இதில் எது லாருட் என்று கேட்டேன். 12 தமிழ்ப் பிள்ளைகளில் எட்டுப் பேர் ஐஸையும் சேர்த்துச் சொன்னார்கள். நீங்கள் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது.

555 நோட்டும் வாங்கிக் கொடுத்தேன், 33 பேருக்கும். நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன், பார்க்கவும் இல்லை.

பதினோராவது மாடிப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே கேள்வியைச் சொற்களை மாற்றி நேற்று கொடுத்தேன். அவள் எழுதியது: “செமாகின் பெசார் லுவாஸ் பெர்முகாஆன் காயின், செமாகின் திங்கி காடார் பெஞெஜாத்தான்.” துணியின் பரப்பு கூடக் கூட ஆவியாகும் வேகம் கூடும். இரண்டு செமாகினும் இருக்கிறது! இரண்டாவது காரணியில் காற்றோட்டம் என்று எழுதிவிட்டு, அது எப்படிப் பாதிக்கிறது என்பதை எழுதாமல் நிறுத்திவிட்டாள். 4க்கு 3. தாளைக் கொடுத்தபோது “அவிழ்க்க மறந்துட்டேன் டீச்சர்” என்றாள்.

இன்னும் ஒரு சிக்கல் தீரவில்லை. நம் பிள்ளைகள் 12 பேரில் மூன்று பேர் மலாய்வழித் தேசியப்பள்ளியில் படித்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாது. அதில் ஒருவன், மாஜோங் தாளில் எல்லாரும் எழுதும்போது தலையைக் குனிந்துகொண்டான். கரைசல், கரைப்பான் எதுவும் அவனுக்குத் தெரியாது. மலாய் அவனுக்கு நன்றாக வருகிறது, ஆனால் அன்று அந்த வகுப்பில் வீட்டு மொழி இல்லாதவன் அவன் ஒருவன்தான் என்பதுபோல் உட்கார்ந்திருந்தான். நல்லது செய்யப் போய் அவனை நோகடித்துவிட்டேனோ என்று இருக்கிறது. என்ன செய்யலாம்?

—

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செந்தூல் எழுதியது:

எழுதச் சொல்லாதீர்கள். வீட்டில் யார் தமிழ் பேசுவார்கள் என்று தனியாகக் கேளுங்கள். யாராவது இருப்பார்கள். அவர்களிடம் ‘கரை’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்து, இதை எப்போது சொல்வீர்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நூல் தமிழ் அவனிடம் இல்லாமல் இருக்கலாம், அடுப்படித் தமிழ் இல்லாமலா போகும்?

—

ஜெலுத்தோங் டீச்சர் எழுதியது:

ஐயா, இன்று காலை அவன் ஆய்வுக்கூட வாசலிலேயே காத்திருந்தான். பாட்டி இருக்கிறாராம், கூடவே. மலாயில்தான் சொன்னான், நடுவில் இரண்டு சொல் மட்டும் தமிழ்: “சிகு, பாட்டி ‘புளி கரைக்கணும்’னு சொல்வாங்க. மீன் கறிக்கு.” கையைத் தண்ணீரில் விட்டுப் பிசைவது போல் செய்து காட்டினான்.

அப்படியானால் எது பெலாருட் என்று கேட்டேன். தண்ணீர் என்றான், யோசிக்கவே இல்லை. ஸாட் தெர்லாருட்? புளி என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திவிட்டு, “ஆனால் சிகு, கொட்டையும் நாரும் கையிலேயே நின்றுவிடுகிறதே, அதை என்னவென்று சொல்வது?” என்றான். மாஜோங் தாளில் அதற்கு ஒரு கிளை இல்லை. நாளைக்குப் புளி வாங்கிக்கொண்டு போகிறேன்.